எட்டு பந்தயம் ஓடினால் போதும்

எங்கள் ஊர் லிபோவாவில் மழை வருமா என்று தெரிந்துகொள்ள யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை, கெரார்டின் முகத்தைப் பார்ப்போம். ஊர் ஸ்பீட்வே மைதானத்தில் தடத்தைப் பார்த்துக்கொள்கிற ஆள் அவர். பிரேக்கே இல்லாத பைக்குகள் இடது பக்கமாகவே வளைந்து வளைந்து ஓடுகிற அந்தச் செம்மண் வட்டத்தைக் கிளறுவது, தண்ணீர் காட்டுவது, உருட்டிச் சமன் செய்வது எல்லாம் அவர் பொறுப்பு. அவர் முகம் சுருங்கியிருந்தால் நான் கடைக்கு வெளியே காயப்போட்ட துண்டுகளை எடுத்து உள்ளே வைத்துவிடுவேன்.

கெரார்டின் குடும்பம் குடியிருக்கிற கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் என் முடிதிருத்தும் கடை. அவர்களுக்கு நேர் மேலே என் வீடு. சமையலறைப் புகைபோக்கி எல்லா மாடிக்கும் ஒன்றுதான் என்பதால், அந்த வீட்டில் என்ன வேகிறது, யார் யாரை என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாமல் இருக்க வேண்டுமானால் நான் காதில் பஞ்சு வைத்துக்கொள்ள வேண்டும். அந்த அளவுக்கு நான் நல்லவள் இல்லை.

வீட்டில் மூன்று பேர். கெரார்ட், அவர் மனைவி போக்னா, கெரார்டின் அப்பா தெயோதோர். போக்னா மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் ஆய்வாளர். மற்ற வருடங்களில் பள்ளிக்கூடச் சமையலறையில் எலி ஓடுகிறதா, சாசேஜ் கடையின் குளிர்பெட்டி குளிர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவள். நோய் வந்த அந்த வருடம் ஊரே அவளைக் கண்டால் முகக்கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொள்ளும். புருஷனுக்கு ஊரைக் கூட்டுகிற வேலை, பெண்டாட்டிக்கு ஊரைக் கலைக்கிற வேலை. ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே சட்டியிலிருந்து உருளைக்கிழங்கு எடுத்துச் சாப்பிட்டார்கள். எப்படித்தான் இறங்கியதோ.

வசந்தத்தில் தொடங்க வேண்டிய ஆட்டங்கள் கோடையில்தான் தொடங்கின. அதுவும் நாலு இருக்கைக்கு ஒரு ஆள் என்ற கணக்கில். கிளப் தலைவர் ஹியெரோனிம் காளான் வளர்க்கிறவர். காலியான பார்வையாளர் மேடையைப் பார்த்து, "என் கொட்டகையில காளான்கூட இதைவிட நெருக்கமா உக்காந்திருக்கும்" என்று புலம்புவார். எங்கள் விளையாட்டில் முதலாவதாக வந்தால் மூன்று, அடுத்தவருக்கு இரண்டு, அதற்கடுத்தவருக்கு ஒன்று என்று எடுக்கிற பாயிண்டுக்குத்தான் ஓட்டுபவர்களுக்குக் கூலி. வாசலில் வசூல் இல்லாத கிளப்புக்கு ஜெயிப்பதே செலவு. அந்த வருடம் நம் ஆள் முதலாவதாக வந்தால் ஊர் கைதட்டும், ஹியெரோனிம் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். கடைசி உள்ளூர் ஆட்டம் ஒன்று மிச்சம். பக்கத்து ஊர் ஸ்தாவ்னோ அணியோடு, ஞாயிற்றுக்கிழமை. அதுதான் லீக் கொடுத்திருந்த கடைசி நாள். அன்றைக்கு நடத்தாத கிளப்புக்கு அடுத்த வருடம் உரிமம் கிடையாது. உரிமம் இல்லையென்றால் மைதானத்தை நகராட்சி எடுத்துக்கொள்ளும், அந்த இடத்தில் கிடங்கு கட்ட ஒருவர் இரண்டு வருடமாக அலைந்துகொண்டிருந்தார்.

இந்த நிலையில்தான் வியாழக்கிழமை வானொலியில் சொன்னார்கள், சனிக்கிழமை முதல் எங்கள் மாவட்டம் சிவப்பு மண்டலம். ஆட்டம் நடத்தலாம், பார்க்க ஆள் கூடாது. அந்தக் கால்பங்கு டிக்கெட்டும் ஏற்கெனவே விற்றுவிட்டது. அந்தப் பணத்தை நம்பித்தான் ஆம்புலன்சுக்குச் சொல்லியிருந்தார்கள், ஓட்டுபவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். இப்போது எல்லாவற்றையும் திருப்பித் தர வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹியெரோனிம் ஒரு கூடை காளானோடு கெரார்ட் வீட்டுக்கு வந்தார். எங்கள் ஊரில் காளானோடு ஒருவர் வந்தால் ஏதோ கேட்கப் போகிறார் என்று அர்த்தம். நான் அடுப்பை அணைத்துவிட்டுப் புகைபோக்கிப் பக்கம் நாற்காலியை நகர்த்திப் போட்டேன்.

"இதுல என்னம்மா தப்பு?" ஹியெரோனிமின் குரல் குழைந்தது. "டிக்கெட் வாங்கினவனுக்கு ஆரஞ்சுச் சட்டை மாட்டிட்டா அவன் பார்வையாளன் இல்ல, வேலைக்காரன். வேலைக்காரங்களை உள்ள விடலாம்னு உங்க உத்தரவுலயே இருக்கு. சட்டை நான் வாங்கித் தர்றேன்."

"வேலைக்காரன்னா என்ன வேலை செய்வான், தலைவரே?" போக்னா கேட்டாள்.

"நிப்பான்."

"நிக்கிறது ஒரு வேலையா?"

"நகராட்சியில பாதிப் பேருக்கு அதுதானே வேலை," என்றார் உள்ளறையிலிருந்து தெயோதோர். சொல்லிவிட்டு இருமினார். மே மாதத்துக்குப் பிறகு அவர் எதைச் சொன்னாலும் பின்னாலேயே ஒரு இருமல் வரும்.

"மாமா, நீங்க சும்மா இருங்க. ஜன்னலைச் சாத்துங்க, குளிருது."

"எனக்கு ஒரு சட்டை சொல்லிடு ஹியெரோனிம். பெரிய சைசு."

"உங்களுக்குச் சட்டை இல்ல, கம்பளிதான்." போக்னா திரும்பி ஹியெரோனிமிடம் சொன்னாள். "முடியாது தலைவரே. வேலை செய்றவன்னா வேலை செய்யட்டும். பாக்குறவன்னா வெளியே இருக்கட்டும். சட்டை கலரை மாத்திட்டா மூச்சு மாறிடுமா?"

கெரார்டின் கரண்டி மேசையில் விழுகிற சத்தம் கேட்டது.

"அப்ப நீயே போய்ப் பூட்டைப் போட்டுட்டு வந்துடு. சாவி அந்த ஆணியிலதான் தொங்குது."

"நான் எங்க பூட்டச் சொன்னேன்? ஆட்டத்தை நடத்து. ஆளைச் சேக்காதங்கிறேன்."

"ஆளில்லாம நடத்து, காசில்லாம நடத்து. ஆம்புலன்ஸ்காரன் காளானை வாங்கிட்டுப் போவானா? இருவத்திரெண்டு வருஷம் நான் அந்த மண்ணைக் கையால தடவி வெச்சிருக்கேன். நீ ஒரே கையெழுத்துல..."

"கெரார்ட், வேணாம். மே மாசம் மாமா மூக்குல குழாயோட கிடந்தப்ப ஆஸ்பத்திரி வாசல்ல கார்லயே ராத்திரி பகலா உக்காந்திருந்தது யாரு? நீ எங்க இருந்த? தடத்துக்குத் தண்ணி காட்டிட்டு இருந்த."

அதற்கு அப்புறம் கதவை அறைந்த வேகத்தில் என் வீட்டு அலமாரியில் கண்ணாடித் தம்ளர்கள் ஆடின. ஹியெரோனிம் எப்போது போனார் என்று தெரியவில்லை. காளானை மட்டும் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

கெரார்ட் நேரே மைதானத்துக்குப் போனார். கோபம் வந்தால் சிலர் குடிப்பார்கள், சிலர் பாத்திரத்தை உடைப்பார்கள். அவர் தண்ணீர் லாரியை எடுத்தார். ஸ்தாவ்னோக்காரர்கள் காய்ந்து இறுகிய தடத்தில் பழகியவர்கள், ஈரத்தில் அவர்கள் சக்கரம் தடுமாறும். அதனால் அவர்கள் வருகிறார்கள் என்றால் வழக்கமாகவே தடத்துக்கு ஒரு லாரித் தண்ணீர் கூடுதலாகப் போகும். எல்லா ஊரிலும் செய்கிறதுதான், விருந்தாளிக்குச் சூப்பில் கொஞ்சம் உப்பு தூக்கலாகப் போடுகிற மாதிரி. அன்று அவர் ஊற்றியது மூன்று லாரி. மனதுக்குள் யாரோடு பேசிக்கொண்டே ஊற்றினாரோ, அந்த மனுஷன் வானத்தை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

சனிக்கிழமை விடியும்போது பிடித்த மழை ஞாயிறு காலைதான் விட்டது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவதாக ஹியெரோனிம் அறிவிப்பு ஒட்டியிருந்தார். எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வர வேண்டிய ஒரு காசையும் விடமாட்டார்கள், வரிசையை ஒருநாளும் உடைக்கமாட்டார்கள். ஒன்பதே முக்காலுக்கே லிண்டன் மரங்கள் நிற்கிற சாலை முழுக்க, ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு, முகத்தை மூடிக்கொண்டு நின்றோம். நானும்தான். ஆறு மாதம் கடை பாதிநாள் மூடிக்கிடந்தவளுக்கு அந்தப் பணம் பெரிதில்லை என்று சொன்னால் பொய். எனக்கு முன்னால் ரொட்டிக்கடை ரோமுவால்ட்.

மைதானத்துக் கதவு திறந்தது. ஆனால் வந்தது பணப்பெட்டி இல்லை. கெரார்ட் வந்தார், முழங்கால்வரை சேறு. வரிசையைத் தலையிலிருந்து வால்வரை ஒரு தடவை பார்த்தார்.

"ஒரு விஷயம் சொல்லணும்," என்றார். "தடம் சேறாக் கிடக்கு. அதுக்கு மழை பாதிதான். மீதி நான். வெள்ளிக்கிழமை மூணு லாரி தண்ணி அடிச்சேன்."

"மூணா?" ரோமுவால்டின் வாய் பிளந்தது முகக்கவசத்துக்கு மேலேயும் தெரிந்தது. "மீன் வளக்கப் போறியா?"

"வீட்டுல சண்டை."

"வீட்டுல சண்டைன்னா தட்டை உடைடா! நாங்க வேற தட்டு வாங்கித் தர்றோம். தடத்தை ஏன்டா உடைச்ச?"

வரிசையில் சிரிப்பு ஓடியது. கெரார்ட் சிரிக்கவில்லை. அவர் கண்ணைப் பார்த்ததும் நாங்களும் நிறுத்திக்கொண்டோம்.

"டிராக்டரை இறக்குனேன், மூணாவது வளைவுல அச்சுவரைக்கும் புதைஞ்சு கிடக்கு. இனிமே கையாலதான் வழிக்கணும். மேல இருக்கிற சேத்தை வழிச்சு நடு மைதானத்துல கொட்டிட்டு, கொட்டகையில இருக்கிற காஞ்ச மண்ணை மேல போட்டு மிதிக்கணும். எனக்கு ரெண்டு ஆள்தான் இருக்காங்க. நாலு மணிக்கு ஆட்டம். இன்னிக்கு ஓடலைன்னா நமக்குக் கிளப் இல்ல." சேற்றுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "நான் கேக்கக் கூடாதுதான். கேக்குறேன். மண்வெட்டி எடுங்க."

எல்லோருக்கும் ஒரே கேள்விதான். அதைக் கேட்டது ரோமுவால்ட். "செய்வோம். செஞ்சா அப்படியே உள்ள இருந்து ஆட்டம் பாக்கலாமில்ல?"

அதற்குள் கெரார்டுக்குப் பின்னால், அலுவலக அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டு, ரப்பர் பூட்ஸோடு போக்னா வந்து நின்றிருந்தாள். வெள்ளிக்கிழமையிலிருந்து இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது ஊருக்கே தெரியும். நான்தான் சொன்னேன்.

"வேலை செய்யலாம்," என்றாள் அவள். கெரார்ட் சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தார், அதை அவர் எதிர்பார்க்கவில்லை. "ஒரு வளைவுக்கு ஒரு கூட்டம். அந்தக் கூட்டம் அந்த வளைவை விட்டு நகரக் கூடாது. மாஸ்க் இறங்கினா ஆளை வெளியே அனுப்பிடுவேன். பைக்கைச் சூடு பண்ண ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாரும் வெளியே வந்துடணும்."

"அப்ப நாங்க பாக்க முடியாத ஆட்டத்துக்கு நாங்க தடம் போடணும்?"

"ஆமா."

"இதை நீ மூஞ்சிக்கு நேரா சொல்ற?"

"வேற எங்க பாத்துச் சொல்றது, ரோமுவால்ட் அண்ணே?"

அந்த நேரத்தில் அவள்மீது எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. மழை விட்டும் இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ரோமுவால்ட் கையிலிருந்த டிக்கெட்டைப் பார்த்தார். பிறகு அதை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

"விடியக்காலை எழுந்து மாவு பிசையற கை. மண்ணைப் பிசையாதா? தள்ளு, எந்த வளைவு எனக்கு?"

அவர் பின்னால் வரிசையே நகர்ந்தது. அப்போதும் இடைவெளி விட்டு, வரிசை உடையாமல்தான் உள்ளே போனோம். டிக்கெட் ஜன்னலில் பணப்பெட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்த ஹியெரோனிமின் முன்னால் ஒருத்தர்கூட நிற்கவில்லை. அவர் எழுந்து நின்று எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார், கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார், பிறகு பெட்டியைப் பூட்டிவிட்டுத் தள்ளுவண்டி தேடிப் போனார்.

அந்தத் தடத்தை நாற்பது வருடமாக மேடையிலிருந்து பார்த்திருக்கிறேன், கால் வைத்தது அன்றுதான். கால் வைத்ததும் உள்ளே இழுத்தது. மேலே கஞ்சி மாதிரிச் சேறு, அதை வழித்தால் கீழே பிசுபிசுப்பாக ஒன்று, அதற்கும் கீழேதான் நல்ல தளம். வழிப்பதில் ஒரு பக்குவம் இருந்தது. ஆழமாக வெட்டினால் குழி விழும், மேலோட்டமாகத் தள்ளினால் சேறு பின்னாலேயே வழிந்து வந்துவிடும். கெரார்ட் வளைவுக்கு வளைவு ஓடினார். "வெட்டாத, தள்ளு. தள்ளு. ரொட்டியில வெண்ணெய் தடவுற மாதிரி!" "வெண்ணெய் விலைக்கு நான் தடவுறதே இல்லடா!" என்று ரோமுவால்ட் இரண்டாம் வளைவிலிருந்து கத்துவார்.

எனக்குத் தொடக்கக் கோடு. அங்கே நாலு பாதையிலும் தண்ணீர் தேங்கி நின்றது. மண்வெட்டி போட்டால் கோடு கெட்டுவிடும். நான் கடைக்கு ஓடிப்போய் எல்லாத் துண்டுகளையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தேன். முட்டி போட்டு, துண்டை விரித்துத் தண்ணீரை இழுக்கவிட்டு, வாளியில் பிழிந்தேன். வெள்ளைத் துண்டுகள் செங்கல் நிறமாகின. பிறகு அவை வெள்ளையாகவே இல்லை.

கெரார்டுக்கும் போக்னாவுக்கும் இடையில் நான் தபால்காரி.

"ஷானெட்டா, நாலாவது வளைவுக்கு இன்னும் நாலு ஆளு வேணும். அவகிட்ட சொல்லு."

பத்தடி தள்ளி நின்ற போக்னா: "அக்கா, அவர்கிட்ட சொல்லுங்க, ரெண்டாவது வளைவுல ஆளு அதிகம். அங்கேயிருந்து தனியா நாலு பேரைப் பிரிச்சு அனுப்புறேன். ஆனா மறுபடி அந்தப் பக்கம் போகக் கூடாது."

"அவ சொல்றது கேட்டுச்சுன்னு சொல்லு."

"ரெண்டு பேருக்கும் காது இருக்கில்ல?" என்றேன் நான். "எனக்கு முட்டி வலிக்குது."

மதியத்தில் ஹியெரோனிம் பட்டாணி சூப் கொண்டுவந்தார். கொழுப்பு மிதக்கிற, சாசேஜ் துண்டு போட்ட கெட்டி சூப், அதில் அவர் வீட்டுக் காளான் வேறு. சேற்றுக் கையோடு, ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்று குடித்தோம். போக்னாவின் உத்தரவு. பைக் ஓட்டுகிற நிக்கோடெம் அப்போதுதான் வந்தான். பகலில் கார் பட்டறையில் வேலை, ஞாயிறானால் எங்கள் அணியின் நம்பர் ஒன். வேலியைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தான்.

"என்ன மாமா இது, கல்யாண வீடா எழவு வீடா?"

"நீ ஓட்டி முடிச்சப்புறம் சொல்றோம்," என்றார் ரோமுவால்ட்.

"ஒரு பாயிண்டுகூட எனக்குக் காசு வேணாம், தலைவரே," என்றான் நிக்கோடெம் திடீரென்று.

"போடா, போடா," என்றார் ஹியெரோனிம். "உன் எஞ்சினுக்கு எண்ணெய் நானா ஊத்துவேன்? வாங்கிக்க. ஒருத்தனும் டிக்கெட் காசைத் திருப்பி வாங்கலை. அதுக்காக நிறைய பாயிண்ட் எடுத்துடாத."

நடுவர் மூன்று மணிக்கு வந்தார். வெளியூர்க்காரர், மெலிந்த மனிதர். தடத்தை ஒரு சுற்று நடந்து, மூன்றாவது வளைவில் நின்று குதிகாலால் அழுத்திப் பார்த்தார். நாங்கள் மண்வெட்டிகளைப் பிடித்துக்கொண்டு அவர் குதிகாலையே பார்த்தோம். பிறகு அவர் மேற்கே பார்த்தார். அங்கே மேகம் திரும்பக் கறுத்துக்கொண்டு வந்தது.

"ஓடலாம்," என்றார். "ஆனா இந்த மேகம் பதினஞ்சு பந்தயத்தையும் முடிக்க விடாது. எட்டு முடிஞ்சிடுச்சுன்னா அப்புறம் மழை வந்தாலும் ஆட்டம் செல்லும். ஏழுல நின்னுச்சுன்னா ஆட்டமே நடக்கலைன்னுதான் எழுதுவேன்."

எட்டு. அதுவரை எங்களுக்கு ஜெயிப்பது தோற்பது என்று ஏதாவது ஆசை இருந்திருந்தால் அந்தக் கணத்தில் போய்விட்டது.

போக்னா விசில் ஊதினாள். மண்வெட்டிகளை வேலியில் சாய்த்துவிட்டு வெளியே நடந்தோம். இவ்வளவு நேரம் அந்த மண்ணோடு மல்லுக்கட்டிவிட்டு, பைக்குகளைத் தள்ளிக்கொண்டு வருகிற சத்தம் காதில் விழும்போது முதுகைத் திருப்பிக்கொண்டு போவது எவ்வளவு கஷ்டம் என்று போனவர்களுக்குத்தான் தெரியும். கதவருகே போக்னா நின்றாள்.

"ஒரே ஒரு பந்தயம், போக்னா," என்று ரோமுவால்ட் கெஞ்சினார். "கழிவறைக்குப் பின்னால நின்னு பாத்துட்டு வந்துடறேன். நான் பெரிய ஆளே இல்ல."

"வெளியே போங்க, அண்ணே."

"நீ மட்டும் உள்ள நிப்ப."

"எனக்கு வேலை இருக்கு. நிக்கிற வேலை இல்ல."

அவள் குரல் அப்படியேதான் இருந்தது. கண்ணில் மட்டும் தண்ணீர் முட்டியிருந்தது. எல்லோரும் வெளியேறியதும், "வேலிக் கம்பத்துக்கு ஒரு ஆளு. ஒரே வீட்டுக்காரங்கன்னா சேந்து நிக்கலாம். தெருவுல நிக்கக் கூடாதுன்னு உத்தரவுல இல்ல," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

வேலி பலகை வேலி. ஆள் உயரத்துக்கு மேல். கம்பத்துக்கு ஒருவராக நின்றோம். சாலையோரம் ஸ்தாவ்னோ அணியின் பஸ் நின்றது, அதன் டிரைவர் படியில் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டு, இந்த ஊருக்கு என்ன ஆனது என்பதைப்போல எங்களைப் பார்த்தார்.

எங்களுக்குக் காது மட்டும்தான். அணிக்கு இரண்டாக நாலு எஞ்சின் ஒன்றாக அலறுவது, சட்டென்று ஒரே குரலாகப் பிய்த்துக்கொண்டு புறப்படுவது, வளைவில் அந்தச் சத்தம் கொஞ்சம் தாழ்ந்து திரும்ப எழுவது. ஒவ்வொரு பந்தயமும் நாலு சுற்று, ஒரு நிமிடத்துக்குமேல் கொஞ்சம். முடிந்ததும் ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் பாயிண்டைச் சொல்வார். எங்கள் பக்கம் தோற்றுக்கொண்டேதான் போனது. மூன்று லாரித் தண்ணீரை வழித்து எறிந்து காய்ந்த மண்ணைப் போட்டிருக்கிறோமே, ஸ்தாவ்னோக்காரர்கள் விரும்புகிற தடத்தை நாங்களே அவர்களுக்குப் போட்டுக் கொடுத்திருந்தோம். நான்காவது பந்தயத்துக்குப் பிறகுதான் இது ரோமுவால்டுக்கு உறைத்தது. "அடப்பாவிங்களா," என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்த முடியவில்லை.

ஐந்து. ஆறு. ஏழாவது முடிந்தபோது என் நெற்றியில் ஒரு துளி விழுந்தது. எல்லோருக்கும் விழுந்திருந்தது.

எட்டாவது புறப்பட்டது. முதல் சுற்று போனது. இரண்டாவதில், மூன்றாம் வளைவுப் பக்கம் ஒரு எஞ்சின் சத்தம் அறுந்து, ஏதோ பலகையில் மோதுகிற ஓசை. மற்ற சத்தங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக அடங்கின.

"விழுந்தது நிக்கோடெம்," என்றது ஒலிபெருக்கி. "எழுந்து நிக்கிறான். நடக்கிறான். கையைக் காட்டுறான்." கரகரத்துவிட்டுத் தொடர்ந்தது. "அவனால ஓட்டம் நின்னதால நடுவர் நிக்கோடெமை நீக்கிட்டார். மத்த மூணு பேரும் திரும்ப ஓடணும். ஆனா வளைவுல பெரிய குழி விழுந்திருக்கு. மூடுறவரைக்கும் ஓட்டமில்ல."

துளிகள் இப்போது அடுத்தடுத்து விழுந்தன.

"உள்ள ரெண்டே ஆளு," ரோமுவால்ட் பலகையில் கையால் குத்தினார். "ஒருத்தன் பைக்கைத் தூக்கிட்டுப் போயிருப்பான். போக்னா! கதவைத் திற! பத்துப் பேரு ஓடி வர்றோம்! ரெண்டு நிமிஷம்!"

கதவு திறக்கவில்லை. அந்த நேரத்தில் அவளை நான் என்ன திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது.

ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் மூச்சு விடுவது கேட்டது. பிறகு அவர் அறிவிப்பாளர் குரலை விட்டுவிட்டு, சாதாரண மனுஷக் குரலில் பேசினார். "வெளிய நிக்கிறவங்களுக்குச் சொல்றேன். கெரார்ட் தள்ளுவண்டி தள்ளிட்டு வர்றாரு. மண்வெட்டி போடறது யாருன்னா... போக்னாங்க. அட்டையைக் கழட்டி வேலியில மாட்டிட்டு இறங்கிட்டா. பூட்ஸ் உள்ள போயிடுச்சு. பூட்ஸை விட்டுட்டா. வெறுங்காலோட மிதிக்கிறா. கெரார்ட் கத்துறாரு, 'தள்ளு, வெட்டாத'ன்னு. அவளும் திருப்பிக் கத்துறா. என்னன்னு சொல்ல மாட்டேன், குழந்தைங்க இருக்காங்க."

மழை இலைகளில் சடசடக்க ஆரம்பித்திருந்தது.

"நடுவர் வந்து பாக்குறாரு. மிதிச்சுப் பாக்குறாரு." நான் கம்பத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன். "தலையை ஆட்டுறாரு. ஓடலாம்!"

மூன்று எஞ்சின்கள் அலறின. தொடக்கக் கோட்டில் மறித்துக் கட்டிய நாடா மேலே எழுந்தது போலும், பிய்த்துக்கொண்டு புறப்பட்டன. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்றாம் வளைவில் ஒவ்வொரு முறை சத்தம் தாழும்போதும் என் பற்கள் கிட்டின. தாழ்ந்தது, எழுந்தது. தாழ்ந்தது, எழுந்தது. நாலாவது முறையும் எழுந்தது. கோட்டைத் தாண்டிவிட்டார்கள். வானம் மொத்தமாகக் கொட்டியது.

"எட்டாவது பந்தயம்," என்று அறிவிப்பாளர் கத்தினார். "ஸ்தாவ்னோ ஐந்து, லிபோவா ஒன்று!"

நாங்கள் கத்திய கத்தலில் லிண்டன் மரங்களிலிருந்து காக்கைகள் எல்லாம் கிளம்பிவிட்டன. ஆளுக்கொரு கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தோம், ஒருவரையொருவர் கட்டிப்பிடிக்கக் கூடாதல்லவா. ரோமுவால்ட் அழுதார். ஸ்தாவ்னோ பஸ் டிரைவர் சிகரெட்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்தே வந்துவிட்டார்.

"ஏங்க, உங்க டீம்தானே தோத்தது?"

"ஆமாய்யா!" என்றார் ரோமுவால்ட், மழையில் கையை விரித்து. "தோத்துட்டோம்! செல்லுபடியாத் தோத்துட்டோம்!"

சற்று நேரத்தில் நடுவர் ஆட்டத்தை நிறுத்தியதாகவும், கணக்கு எட்டு பந்தயத்தோடு ஏற்கப்பட்டதாகவும் ஒலிபெருக்கி சொன்னது. ஹியெரோனிம் குறுக்கே புகுந்து, நம் ஆட்கள் எடுத்த எல்லாப் பாயிண்டுக்கும் கையில் காசு இருக்கிறது, இன்னும் நாலு பாயிண்ட் எடுத்திருந்தால் நான் செத்திருப்பேன், அடுத்த வருடம் எல்லோரும் உட்கார்ந்து பார்க்கலாம் என்று ஒரே மூச்சில் சொன்னார்.

கூட்டம் கலைந்த பிறகும் நான் கதவருகே நின்றேன். கெரார்டும் போக்னாவும் சேர்ந்தே வந்தார்கள். அவர் கையில் அவளுடைய பூட்ஸ், தோண்டி எடுத்திருக்க வேண்டும். அவள் முட்டிவரை செங்கல் நிறம். திட்டியதற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"நீயாச்சும் பாத்தியே, அந்த எட்டாவதை. எப்படி இருந்துச்சு, சொல்லு."

"எங்க பாத்தேன்?" என்றாள் போக்னா. "அது ஓடி முடியறவரைக்கும் வேலிப் பக்கம் திரும்பித்தான் நின்னேன்."

"ஏன்டி?"

"நீங்க யாரும் பாக்கலையே, அக்கா."

கெரார்ட் குனிந்து, பூட்ஸைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அவள் காலடியில் வைத்தார். நாங்கள் மூவரும் மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தோம்.